வாஷர் மாமாவும் கசியும் பிரெட்சலும்

என் அக்காவின் கணவரைப் பலபேருக்கு முகத்தால் தெரியாது, கால்களால்தான் தெரியும். அவர் குழாய் வேலை செய்பவர். எந்த வீட்டுக்குப் போனாலும் நேராகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். இடுப்புக்கு மேலே உள்ளே, இடுப்புக்குக் கீழே வெளியே. வீட்டுக்காரர்கள் குறுக்கே நீண்டு கிடக்கும் அந்தக் கால்களோடுதான் பேசியாக வேண்டும். ஒருநாள் கடைத்தெருவில் ஓர் அம்மாள் எங்களைக் கடந்து போனவர், சட்டென்று நின்று, மாமாவின் செருப்பை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நம்ம குழாய்க்காரர்தானே நீங்க?" என்று கேட்டார். மாமாவும் அது இயல்பான விசாரிப்பு என்பதுபோலத் தலையாட்டினார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் வாஷர். எது கெட்டுப்போனாலும் "வாஷர் போயிருக்கும், மாத்தினா சரியாப் போயிடும்" என்பார். குழாய்க்கு அப்படிச் சொன்னால் நியாயம். கடகடக்கும் மின்விசிறிக்கும் அதையே சொல்வார், எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் அதையே சொல்வார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் வாஷர் மாமா. எனக்குக் கோபம் கொஞ்சம் அடிக்கடி வரும். அதனால் இந்த வீட்டில் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது.

அவருக்கு இருக்கும் ஒரே கர்வம், தான் கைவைத்த இணைப்பு கசியாது என்பது. வேலை முடிந்ததும் குழாய்க்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, வீட்டுக்காரர் கொடுக்கும் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். டீ தீரும்வரை கண் தாளைவிட்டு நகராது. ஒரு பொட்டு ஈரம் விழுந்தாலும் டீயை அப்படியே வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார். விழவில்லையென்றால் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவார். அந்தச் சமயத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பட்டம் வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்குகிறவர் மாதிரி இருக்கும்.

அக்கா இதற்கு நேர்மாறு. மாமா வாயைத் திறக்கமாட்டார், அக்கா மூடமாட்டாள். எந்த வேலையும் வாய் ஓடினால்தான் அவளுக்குக் கையும் ஓடும். பகல் முழுக்க ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கேண்டீனில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. இடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில், இரண்டு தட்டு வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல். அந்தப் பெட்டிக்குள் அக்கா வீட்டில் செய்த பிரெட்சல் இருக்கும்.

பிரெட்சல் என்றால் ஒன்றுமில்லை, ரொட்டி மாவைக் கயிறுபோல் உருட்டி முடிச்சுப் போட்டுச் சுடுவது. கைகளைக் கட்டிக்கொண்டு யாரோ முறைத்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு வடிவம். அக்கா செய்வது உள்ளே பூரணம் வைத்தது, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. மாவை நீளமாகத் தேய்த்து, நடுவில் துருவிய சீஸும் வதக்கி ஆறிய வெங்காயமும் கோடாக வைத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கிள்ளி மூடி, உருட்டி, முடிச்சுப் போட்டு, சமையல் சோடா போட்ட கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, மேலே கல்லுப்பைத் தூவி, ரொட்டி சுடும் ஓவன் அடுப்பில் தள்ளுவாள். வெளியே வரும்போது தேக்குக் கட்டை நிறத்தில் பளபளவென்று இருக்கும். கைப்பேசியில் ஒரு பெண் "வீட்டிலேயே மிக எளிதாகச் செய்யலாம்" என்று சிரித்துக்கொண்டே செய்து காட்டியதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். அந்தப் பெண்ணை நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரியாக வருவதற்குள் நாங்கள் தின்று தீர்த்த கல்லும் களியும் கொஞ்சமா நஞ்சமா!

ஆனால் வந்த பிறகு அந்தப் பெட்டி அவளுடையதாகிவிட்டது. அதுவரை அவள் யாருக்கோ மகள், யாருக்கோ மனைவி, எனக்கு அக்கா. கேண்டீனில் மட்டும் அவள் பிரெட்சல் அம்மா. காலையில் பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைக்கும்போது அவள் முகத்தில் வரும் களையை வீட்டில் நான் பார்த்ததே இல்லை. இதைச் சொல்ல எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

இப்படி இருந்தவள்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் சமையலறையில் வழுக்கி விழுந்தாள்.

வழுக்கியது எதில் என்று கேட்டால் தலைகுனிவாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. ஊரில் உள்ள குழாய்களையெல்லாம் வாயடைக்கச் செய்தவர் வீட்டில் குழாய் பல நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா சொல்லும்போதெல்லாம் மாமா, "நாளைக்குப் பார்த்துடறேன்" என்பார். நாளைக்கு யாராவது தொலைபேசியில் அலறுவார்கள், இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அக்கா குழாயின் அடியில், தொட்டி விளிம்பின்மேல் ஒரு கிண்ணத்தை வைத்தாள். அன்று கிண்ணம் நிரம்பி, தொட்டியின் விளிம்பு வழியாகத் தரைக்கு இறங்கி, மாவுத் தட்டோடு வந்த அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆட்டோவில் வரும்போது வலி தாங்காமல் முனகினாளே தவிர, அக்கா மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரவாயில்லையே, பெரிய மனது என்று நான்கூட நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா முதல் வேலையாகப் பையைத் திறந்து அந்தக் குழாயைச் சரிசெய்தார். சும்மா ஒரு வாஷர். நான் அக்காவுக்குப் போட்ட டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அக்கா கூடத்தில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. சரிசெய்யவே முடியாத குழாயாக இருந்திருந்தால் அவளுக்குப் பொறுத்துக்கொள்ள ஏதோ ஒரு வழி இருந்திருக்கும்.

"இவ்வளவுதானா?" என்றாள். அவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "இவ்வளவுதானான்னு கேளுடி அவர்கிட்ட."

மாமா அங்கேயேதான் நின்றார். கையில் ஸ்பேனர்.

அன்று முதல் அக்கா மாமாவிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் இருப்பது கை நீட்டினால் எதிர்ச்சுவரைத் தொடக்கூடிய வீடு. அதில் அவர்கள் இரண்டுபேருக்கும் நடுவில் நான் தபால்காரி. "அவருக்குச் சாப்பாடு போடு." "அவர் துண்டு ஈரமா நாற்காலியில கிடக்கு, எடுக்கச் சொல்லு." மாமாவும் வேறு வழியின்றி, "அவளுக்கு வலி எப்படி இருக்குன்னு கேளும்மா" என்று என் முகத்தைப் பார்ப்பார். மூன்றுபேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்போம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நான் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவள். மூக்குக் கண்ணாடி வேண்டுமென்று வருகிறவர்களே என்னிடம் இவ்வளவு பேசமாட்டார்கள்.

விழுந்த அன்று சாயங்காலமே கேண்டீன்காரர் தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. கை போனதற்கு மெய்யாகவே வருத்தப்பட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். சிப்ஸ் பாக்கெட் விற்கும் ஏஜெண்ட் ஒருவர் ரொம்ப நாளாக அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். காலிப் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. "திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கறேன்மா. அன்னைக்குப் பெட்டி நிறைஞ்சா அது உங்க பெட்டி. இல்லேன்னா தப்பா நெனச்சுக்காதீங்க."

அக்கா கைப்பேசியை மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணீர் தானாக இறங்கியது. விழுந்தபோது அழாதவள், கட்டுப் போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், ஒரு கண்ணாடிப் பெட்டிக்காக அழுதாள்.

என்னைச் செய்யச் சொல்லலாமே என்று யாருக்காவது தோன்றலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஒருமுறை அக்காவுக்கு உதவுகிறேன் என்று போய், சமையல் சோடாவுக்குப் பதில் துணி துவைக்கும் சோடாவைக் கொதிநீரில் கொட்டியவள் நான். அன்றோடு அந்த அடுப்பை நெருங்க எனக்குத் தடை.

மாமா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் செய்யட்டுமா?"

"எதை?"

"அதான், அந்த முடிச்சை."

"மாமா, உங்களுக்கு டீ போடவே தெரியாது."

"டீயில ஜாயிண்ட் இல்லையே. இது ஜாயிண்ட் வேலைதானே? உள்ள இருக்கறது வெளிய வரக் கூடாது, அவ்வளவுதானே?" பிறகு குரல் தாழ்ந்தது. "அந்தப் பெட்டி போச்சுன்னா அவ என்கிட்ட ஜென்மத்துக்கும் பேசமாட்டா. நான் பண்ணினதுக்கு அவ பேச வேண்டியதும் இல்ல."

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவரால முடியாதுன்னு சொல்லு. மாவு வீணாப் போகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஈஸ்ட் போடற தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும், கொதிக்கக் கூடாதுன்னும் சொல்லு" என்றாள்.

சனிக்கிழமை மாமா வேலைக்குப் போகவில்லை. நானும் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் தபாலை யார் கொடுப்பது? அக்கா சமையலறைக்குள் வரமாட்டேன் என்று கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்வதை நான் மாமாவிடம் சொல்ல வேண்டும். அவர் செய்வதை நான் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முடிச்சுப் போடுவதில் மாமாவை அடிக்க ஆளில்லை. வாழ்நாள் முழுக்கக் குழாயை வளைத்த கை. மாவுக் கயிறு ஒரு இடத்தில்கூடத் தட்டையாகாமல், மடங்காமல், சொன்னபடி வளைந்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக உட்கார்ந்தன. நான் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதபோது அவள் அப்படிச் செய்வாள்.

அடுப்பில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை. எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முடிச்சும் நீளவாக்கில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சீஸ் மொத்தமும் வெளியே வந்து தட்டில் குளமாகத் தேங்கிப் பொசுங்கிக்கொண்டிருந்தது. மாமா அடுப்புக் கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்முன்னால், தன் கைப்பட்ட இணைப்பில், அத்தனையும் கசிவு. பாவம், அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்னாச்சாம்?" என்றாள் அக்கா.

"கசிஞ்சிடுச்சு."

"எத்தனை?"

"எல்லாமே."

வாஷர் மாமா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, "கவலைப்படாதேன்னு சொல்லு. சாக்கெட் போட்டுடலாம்" என்றார்.

சாக்கெட் என்றால் இரண்டு குழாய் சேருமிடத்தில் மேலே மாட்டும் உறை. அதையே மாவில் செய்தார். கயிற்றின்மேல் இன்னொரு மாவுப் பட்டையைச் சுற்றி, அதற்குமேல் இன்னொன்று. சுட்டு வெளியே வந்தபோது அவை முடிச்சாக இல்லை, மூட்டுவலி வந்தவர் முழங்கால்போல வீங்கியிருந்தன. வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு, அப்படியும் நடுவில் எங்கிருந்தோ சீஸ் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்து பார்க்கும்போது அவர் கருவிப் பைக்குள் கையை விட்டு, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா! அதை உள்ளே வையுங்க!"

"சும்மா அளவு பார்த்தேன்மா."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குப் புது யோசனை. அடுப்பில் வைத்த பிறகு கசிவைக் கண்டுபிடித்து என்ன பயன்? முன்னாலேயே கண்டுபிடிக்க வேண்டும். சோடாத் தண்ணீரில் முக்கும் கட்டத்தைப் பார்த்ததும் அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. சைக்கிள் ட்யூபில் பஞ்சர் எங்கே என்று தண்ணீரில் முக்கிப் பார்ப்பதில்லையா, அதேதான். ஒவ்வொரு முடிச்சாகக் கொதிநீருக்குள் இறக்கி, ஆவியில் மூக்கு நனைகிற அளவுக்குக் குனிந்து, குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

"லீக்," என்று ஒன்றை ஒதுக்கினார். அடுத்ததைப் போட்டார். "இதுவும் லீக்." அடுத்தது. "அட, இதுவுமா!" எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுகூடத் தேறலைன்னு அவகிட்ட சொல்லிடும்மா" என்றார். குரல் உடைந்திருந்தது.

நான் போய்ச் சொன்னேன்.

"கொதிக்கற தண்ணியில குமிழி வராம வேற என்னடி வரும்னு கேளு அவர்கிட்ட."

நான் கேட்கத் தேவையில்லை, அவருக்கே கேட்டுவிட்டது. மாமா பாத்திரத்தைப் பார்த்தார். அதில் எதுவும் போடாமலே குமிழி கொப்பளித்துக்கொண்டிருந்தது. அசடு வழிந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கூடத்தில் அக்காவும் சிரித்தாளென்று நினைக்கிறேன். எட்டிப் பார்த்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பொழுது போய்க்கொண்டிருந்தது. மாவும் இன்னும் ஒருமுறை பிசையத்தான் மீதி இருந்தது. மறுநாள் காலையில் பெட்டி நிறையாவிட்டால் சிப்ஸ் பாக்கெட்டுகள் வந்து குந்திக்கொள்ளும்.

அக்கா எழுந்தாள். விழுந்த நாளிலிருந்து முதல்முறையாகச் சமையலறை வாசலுக்கு வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. மாமா மூடி வைத்திருந்த ஒரு கயிற்றை இடது கையால் எடுத்தாள். அது வழுக்கி நழுவி என் காலில் விழுந்தது. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"உன் மாமா ஓரத்துல என்ன தடவறார்னு கேளு."

மாமா திருட்டு முழி முழித்தார். "வெண்ணெய். கொஞ்சமா."

"எதுக்காம்?"

"ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவித்தானே குழாயை உள்ள தள்ளுவோம்? அப்பத்தானே நல்லாப் பிடிக்கும்?"

"நான் தண்ணி தொட்டு அழுத்தச் சொன்னேனே!"

"ஜாயிண்ட்ல தண்ணியா?" மாமா மெய்யாகவே அதிர்ந்துபோனார். "தண்ணி வரக் கூடாதுன்னுதானே ஜாயிண்டே போடறோம்! அதுலயே போய்த் தண்ணியைத் தடவினா?"

இந்த மனிதர் வாழ்நாளெல்லாம் தண்ணீரைத் துரத்தியவர். இரண்டு நாளாக அக்கா தண்ணீர் தொடு, தண்ணீர் தொடு என்று சொல்ல, நானும் அதைப் பிசகாமல் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டு எங்களுக்குத் தெரியாமல் வெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா சொன்னது தவறாக இருக்கும், பாவம் வலியில் உளறுகிறாள் என்று நினைத்தாராம்.

"எண்ணெய்ப் பசை பட்டா மாவு மாவோட ஒட்டாது. ஓரம் சுத்தமா இருக்கணும், விரலால ஒரு பொட்டு ஈரம், அப்புறம் கிள்ளு. மூடின பக்கம் கீழே இருக்கணும்." இத்தனையையும் அக்கா என்னைப் பார்த்தே சொன்னாள். மாமா ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு, கடவுள் விட்ட வழி என்பதுபோல விரலைத் தண்ணீரில் நனைத்தார்.

திங்கட்கிழமை விடிகாலையில் அடுப்பிலிருந்து வெளியே வந்த தட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே வளைவு. மாமா தட்டுக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு, டீயோடு உட்கார்ந்துவிட்டார். தாளில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

மூன்றுபேரும் கேண்டீனுக்குப் போனோம். என் கடை அதே கட்டடத்தில் கீழேதான். பெட்டி நிறைந்தது. சிப்ஸ் ஏஜெண்ட் தன் பாக்கெட் மாலைகளோடு வந்து பார்த்துவிட்டு, பிரெட்சல் ஒன்றை வாங்கித் தின்றுகொண்டே நடையைக் கட்டினார். கேண்டீன்காரர் ஒன்றைப் பிய்த்தார். சீஸ் நூல்போல நீண்டது. வாயில் போட்டுக்கொண்டு கண்ணை உருட்டினார்.

"அடேங்கப்பா. இதுவரைக்கும் வந்ததுல இதுதாம்மா நல்லது. தட்டுல எப்பவும் ரெண்டு மூணு வாயைத் திறந்துக்கிட்டு வருமே, இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. பார்க்கவே லட்சணமா இருக்கு." செய்தது மாமா என்று நான் சொன்னதும் அவர் தோளில் தட்டினார். "கை சரியானாலும் இவரையே செய்யச் சொல்லுங்க. நீங்க வீட்டுல நிம்மதியா ஓய்வெடுங்க."

அவர் நல்லதுதான் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். இடது கையில் துணியை வைத்துக்கொண்டு பெட்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போனவள், துணியை மடித்துப் பையில் வைத்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. கடையிலிருந்து நான் எட்டிப் பார்க்க வந்தபோதெல்லாம் நின்றுகொண்டே இருந்தாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி. பெட்டி பிழைத்துவிட்டது. ஆனால் அது யாருடைய பெட்டி என்பது அந்த ஒரு வாக்கியத்தில் மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்தும் அவள் பேசவில்லை. மாமாவிடம் மட்டுமல்ல, என்னிடமும். "அவருக்குச் சாப்பாடு போடு" என்றுகூடச் சொல்லவில்லை. தபால்காரிக்கு வேலை போய்விட்டது. அந்த நிம்மதியை நான் எவ்வளவு ஏங்கிக் கேட்டேன், வந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. மாமா ஒரு மூலையில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மாமா முதல் தட்டை அடுப்பில் வைக்கத் தயாராக நின்றார். முதுகுப் பக்கமாக நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. தட்டில் கச்சிதமாக மூடிய முடிச்சுகள். அதில் முன்வரிசையில் ஒன்றை எடுத்தார். திருப்பினார். கட்டைவிரலால் இணைப்பை மெதுவாக நெம்பித் திறந்தார். அதைச் செய்யும்போது அவர் முகம் சுருங்கியது, ஊசி போட்டுக்கொள்கிறவர்போல. பக்கத்தில் இருந்ததையும் திறந்தார். அதற்குப் பக்கத்தில் இருந்ததையும். பிறகு தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

கருகல் வாடை வந்ததும் அக்கா எழுந்துவிட்டாள். நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். வாசலில் நிற்கவில்லை, உள்ளேயே போனாள்.

"ஏங்க! என்னங்க இது?"

ஏங்க! நான் போர்வைக்குள் எழுந்து உட்கார்ந்தேன்.

"நேத்து ஒருநாள் நல்லா வந்துட்டா போதுமா? எல்லாம் தெரிஞ்சுட்டதா நெனப்பா? கிள்ளச் சொன்னேனே, கிள்ளினீங்களா, இல்ல தடவிக் குடுத்தீங்களா? தட்டைப் பாருங்க, யார் தேய்ச்சுக் கழுவறது இதை? தள்ளுங்க அந்தப் பக்கம். அந்த ஸ்டூலை இப்படிப் போடுங்க. இனிமே நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் செய்யணும். புரியுதா?"

"சரிம்மா," என்றார் மாமா.

"என்ன சரிம்மா?"

"நீ இல்லாம எனக்கு வரலைம்மா."

கேண்டீனிலும் அதையே சொன்னார். பெட்டியை அடுக்கி முடித்ததும், மேசைக்கு முன்னால் டீ வாங்க நின்றவர்கள் காதுபட, கேண்டீன்காரரிடம், "நேத்து நீங்க சொன்னது சரிப்படாதுங்க. இன்னைக்குக் காலையில இவ பக்கத்துல இல்லாம செஞ்சேன், கசிஞ்சு போச்சு" என்றார்.

அந்த வரிசையில் பாதிப்பேர் அவரைக் கூப்பிட்டுக் குழாய் போட்டவர்கள். "என்ன, வாஷர் போட்ட ஜாயிண்ட் கசிஞ்சுதா?" என்று ஒருவர் கத்தினார். ஒரே சிரிப்பு. இன்னொருவர், தன் வீட்டுக் குழாயை உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். மாமாவின் காதுமடல் சிவந்தது. ஆனாலும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். கேண்டீன்காரர் அக்காவைப் பார்த்து, "அப்ப உங்களுக்கு ஓய்வு கிடையாதும்மா" என்றார். அக்கா பையிலிருந்து துணியை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நான் கடைக்குக் கிளம்பினேன். படிக்கட்டு வரைக்கும் அக்கா கூடவே வந்தாள். முந்தானை ஓரத்தில் சுருட்டி இடுப்பில் செருகி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள். காலையில் கசிந்த முடிச்சுகளில் ஒன்று. பிளந்த இடத்தில் மாவு வெந்து இறுகியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கட்டைவிரலின் பதிவு, ரேகைகூடத் தெரிந்தது.

"தெரியும்டி எனக்கு," என்றாள் மெதுவாக. "அவர் போட்ட ஜாயிண்ட் தானாத் திறக்காது."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அதை என் கையில் கொடுத்து, பாதியைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கேண்டீன் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏங்க! தட்டை அங்கயா வைப்பாங்க?" என்று ஆரம்பித்தாள்.